உங்கள் வங்கிக் கணக்கும் கைபேசியும்: மோசடிகள் பற்றிக் கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் மோசடிகளில் அநேகமானவற்றில் யாரும் வங்கியின் பூட்டை உடைப்பதில்லை. கணக்குத்தாரரே ஒரு எண்ணைச் சொல்கிறார், ஒரு பொத்தானை அழுத்துகிறார், காசு போய்விடுகிறது. ஆகவே "கவனமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு நிறுத்துவது போதாது. களைப்பிலும் பயத்திலும் அவசரத்திலும் யாருடைய கையும் தவறும். தவறினாலும் சிறு தொகைதான் போக வேண்டும். அதற்கு ஏற்றபடி கணக்கையும் போனையும் முன்பே ஒழுங்கு செய்து வைக்கலாம். அதற்கு ஒரு பின்னேரம் போதும்.

ஓடிபியை, அதாவது வங்கி போனுக்கு அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணை, யாருக்கும் சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு எப்படிப் படித்தவர்களும் மாட்டுகிறார்கள்?

கேட்பவர் "ஓடிபி" என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார். "வணக்கம் அம்மா, ஹெட் ஒஃபிஸ்ல இருந்து கதைக்கிறம். உங்கட கார்ட் புதுப்பிக்க வேணும். இப்ப ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் வரும், அதை மட்டும் வாசிச்சுச் சொல்லுங்கோ" என்பார். சில சமயம் அது லொத்தர் கோட், சில சமயம் அஸ்வெசும அரச உதவித்தொகையின் பதிவு எண், சில சமயம் கூரியர் எண். உங்கள் முழுப் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி எல்லாம் அவர் கையில் இருக்கும். பார்சல் லேபல், கடன் விண்ணப்பம், போட்டோப்பிரதிக் கடையில் மிஞ்சிய தாள், வட்ஸ்அப்பில் அனுப்பிய அடையாள அட்டைப் படம் என்று அவை வெளியே போக எத்தனையோ வழி உண்டு. விவரம் தெரிந்திருப்பதால் மட்டும் அவர் வங்கிக்காரர் ஆகிவிட மாட்டார்.

இன்னொரு காரணம், ஓடிபி செய்தி ஆங்கிலத்தில் வருவது. கண் நேராக ஆறு இலக்கத்துக்குப் போய்விடுகிறது, மற்ற வரிகளை யாரும் வாசிப்பதில்லை. விஷயம் அந்த வரிகளில்தான் இருக்கிறது. எந்தக் கடைக்கு, எவ்வளவு தொகைக்கு, எந்தக் காரியத்துக்கு அந்த எண் என்று பெரும்பாலும் அங்கே எழுதியிருக்கும். "கார்ட் புதுப்பிக்க" என்று சொன்னவர் அனுப்பவைத்த செய்தியில் ஒரு வெளிநாட்டுக் கடையின் பெயரும் 48,000 ரூபாயும் இருந்தால், அது அந்தக் கொள்வனவுக்கு நீங்கள் போடும் கையெழுத்து.

தொகையே இல்லாத ஓடிபி இதைவிட ஆபத்தானது. உங்கள் கணக்கை ஒரு செயலியோடு இணைப்பதாகவோ, இணைய வங்கிச் சேவைக்கு ஒரு புதுப் போனைப் பதிவதாகவோ சொல்லும் செய்தி அது. ஜஸ்ட்பே முறையில் ஒரு பணப்பைச் செயலியோடு அந்த முறையில் சேர்ந்துள்ள எந்த வங்கியின் கணக்கையும் இணைக்கலாம். அதற்குத் தேவை கணக்கு எண், அடையாள அட்டை எண், வங்கி அனுப்பும் ஓடிபி. "உதவித்தொகை போட வேணும், பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ" என்று முதல் நாள் கேட்பதும், மறுநாள் "ஒரு நம்பர் வரும்" என்பதும் இதற்காகத்தான். ஒருமுறை இணைத்துவிட்டால் அவர் விரும்பிய நேரம் எடுத்துக்கொள்வார்.

வீட்டில் ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படுபவர் இருந்தால், உண்மையான ஓடிபி செய்தி ஒன்றை அவருக்கு முன்னால் வைத்து, தொகை எங்கே வரும், கடையின் பெயர் எங்கே வரும் என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

வங்கியின் பெயரிலேயே, வங்கியின் பழைய செய்திகளுக்குக் கீழேயே எஸ்எம்எஸ் வருகிறது. அதை நம்பலாமா?

நம்பக்கூடாது. எஸ்எம்எஸ்ஸில் மேலே தெரியும் பெயர் அனுப்புபவர் இட்ட ஓர் எழுத்துத் தொடர் மட்டுமே. அதே எழுத்துகளை இன்னொருவரும் இட முடியும். பெயர் ஒன்றாக இருப்பதால் உங்கள் போன் அதைப் பழைய செய்திகளோடு சேர்த்துக் காட்டுகிறது. அழைப்பில் தெரியும் எண்ணும் இப்படித்தான், அதையும் போலியாகக் காட்டலாம். வங்கியோடு கதைக்க வேண்டுமென்றால் வந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே எடுங்கள். கூகுளில் தேடி எடுத்த ஹொட்லைன் எண்களில் போலிகளும் உண்டு.

தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் "உங்கள் பொதி முகவரியில்லாமல் நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்" செய்தியும், போக்குவரத்து அபராதம் நிலுவை என்ற செய்தியும் ஒரே அச்சில் வார்த்தவை. கேட்கும் தொகை சிறியது. அதைச் செலுத்த நீங்கள் கொடுக்கும் அட்டை விவரம்தான் அவர்களுக்கு வேண்டியது. இணைய முகவரியைப் பரிசோதிக்க ஒரு வழி: முகவரியின் தொடக்கத்தை விட்டுவிட்டு, முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு உடனே இடப்பக்கம் உள்ள கடைசி இரண்டு மூன்று துண்டுகள்தான் தளத்தின் உண்மையான சொந்தக்காரரைச் சொல்லும். இலங்கை அரச தளம் என்றால் அங்கே "கொவ் டொட் எல்கே" (gov.lk) என்று முடியும். தபாலின் பெயர் முன்னால் வந்து, முடிவு "டொப்" என்றோ "விஐபி" என்றோ இருந்தால் அது தபால் கந்தோரின் தளம் அல்ல.

கணக்குகளை எப்படி ஒழுங்கு செய்து வைப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் செயற்படுத்த நேரம் உண்டு என்றால், இதைச் செயற்படுத்துங்கள்.

இரண்டு கணக்கு வையுங்கள். சேமிப்பு முழுதும் இருக்கும் கணக்குக்கு டெபிட் அட்டையும் வேண்டாம், இணைய வங்கிச் சேவையும் வேண்டாம். பாஸ்புத்தகத்தோடு கிளைக்குப் போய்த்தான் எடுக்க முடியும் என்று இருக்கட்டும். ஏற்கெனவே செயலியில் அந்தக் கணக்கு தெரிகிறது என்றால், அதை இணையச் சேவையிலிருந்து நீக்கச் சொல்லிக் கிளையில் எழுதிக் கொடுக்கலாம். நிலையான வைப்பு உள்ளவர்கள் ஒன்றைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்: செயலி வழியாகவே அந்த வைப்பை முறிக்கவோ, அதன்மேல் கடன் எடுக்கவோ முடியுமா? முடியும் என்றால் அந்த வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். சேமிப்பில் காசே இல்லாதபோதும் வைப்பை முறித்து எடுத்துவிட அதில் வழி இருக்கிறது.

இரண்டாவது கணக்கு மாதச் செலவுக்கு. அட்டை, செயலி, மின்கட்டணம், ரீலோட், பிக்மீ, ஊபர் எல்லாம் இதில்தான். சம்பளம் வந்ததும் செலவுக்கு வேண்டிய தொகையை மட்டும் இதில் விட்டு மீதியை முதல் கணக்குக்கு மாற்றுங்கள்.

அடுத்தது வரம்பு. செயலியின் அமைப்புப் பகுதியில் நாளொன்றுக்கு அனுப்பக்கூடிய உச்சத் தொகை இருக்கும். வங்கி தானாக வைத்திருப்பது பெரும்பாலும் உங்களுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு. நாளுக்கு 25,000 போதும் என்றால் 25,000 ஆக்குங்கள். அட்வான்ஸ் கட்டும் நாளில் உயர்த்தி, மறுநாள் இறக்கலாம். அட்டையில் வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கலையும் இணையக் கொள்வனவையும் தனித்தனியாக நிறுத்திவைக்கும் வசதி பல வங்கிச் செயலிகளில் உண்டு. இது ஏன் முக்கியம் என்றால், சில வெளிநாட்டுக் கடைகள் ஓடிபி கேட்பதே இல்லை. அட்டை எண், காலாவதித் திகதி, பின்புற மூன்று இலக்கம் இருந்தாலே காசு போகும். அங்கே உங்களைக் காப்பது நிறுத்திவைத்த அந்தப் பொத்தான் ஒன்றுதான்.

இவ்வளவும் எதற்கு என்ற கேள்வி வரும். வங்கிகளை இணைக்கும் லங்காபேயின் செஃப்ட்ஸ் என்ற உடனடிப் பணமாற்று முறையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு இரவு பகல், ஞாயிறு போயா என்று பாராமல் சில விநாடிகளில் காசு சேர்கிறது. நல்ல வசதி. ஆனால் சேர்ந்த காசு அதே வேகத்தில் மூன்றாவது கணக்குக்குப் போகும், அல்லது ஏடிஎம்மில் பணமாக எடுக்கப்படும். போன பிறகு திருப்புவது கடினம். ஆகவே ஒரே நேரத்தில் எவ்வளவு போக முடியும் என்பதை முன்பே குறைத்து வைக்க வேண்டும்.

பஸ்ஸில் போன் பறிபோனால் வங்கிக் காசும் போகுமா?

போகலாம். காலி வீதியில் 100, 101 பஸ் நெரிசலில் போனை எடுப்பவர், திரை பூட்டியிருந்தாலும், முதலில் செய்யக்கூடியது சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுவது. அதன் பிறகு உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவருக்கு வரும். உங்கள் ஜிமெயில், வட்ஸ்அப், வங்கிச் செயலி ஆகியவற்றின் கடவுச்சொல்லை அந்த எண்களால் மாற்றப் பார்ப்பார்.

இதற்குத் தடை சிம் பின். அண்ட்ரொய்டில் அமைப்புகளில் பாதுகாப்புப் பகுதிக்குள் சிம் பூட்டு என்று இருக்கும். ஐபோனில் மொபைல் சேவைப் பகுதிக்குள் சிம் பின். போட்டுவிட்டால் சிம் வேறு போனுக்குப் போனதும் பின் கேட்கும். மூன்று முறை பிழைத்தால் பூட்டிக்கொண்டு, பூட்டைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும், அதைப் பத்து முறை பிழையாக இட்டால் சிம் செத்துவிடும். முதல் தடவை போடும்போது நிறுவனம் வைத்திருக்கும் ஆரம்பப் பின் வேண்டும். ஊகித்து இடாதீர்கள். சிம்மோடு வந்த பிளாஸ்டிக் அட்டையில் பாருங்கள், இல்லையென்றால் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள்.

பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மறையுங்கள். இல்லாவிட்டால் பூட்டைத் திறக்காமலே ஓடிபியை வாசிக்கலாம். போனின் பின் ஆறு இலக்கமாக, பிறந்த ஆண்டாக இல்லாமல் இருக்கட்டும். வங்கிச் செயலிக்கு வேறு பின் வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், நீங்கள் அழுத்துவதைத் தோளுக்கு மேலால் பார்த்தவருக்கு இரண்டு கதவும் திறக்கும். ஐபோனில் ஐஓஎஸ் 17.3 முதல் களவுபோன போனுக்கான பாதுகாப்பு அமைப்பு உண்டு. அது போட்டிருந்தால், வழமையான இடங்களுக்கு வெளியே, பின் தெரிந்தவரும் முக அடையாளம் இல்லாமல் முக்கிய அமைப்புகளை மாற்ற முடியாது. அண்ட்ரொய்டில் பறித்துக்கொண்டு ஓடுவதை உணர்ந்து திரையைப் பூட்டும் வசதி கூகுள் அமைப்புகளுக்குள் இருக்கிறது.

பறிபோய்விட்டது என்றால் பக்கத்தில் நிற்பவரின் போனை வாங்கி இந்த ஒழுங்கில் செய்யுங்கள். முதலில் சிம் நிறுவனத்துக்கு எடுத்து சிம்மை நிறுத்துங்கள். இரண்டாவது வங்கிக்கு எடுத்து இணையச் சேவையையும் அட்டையையும் நிறுத்துங்கள். மூன்றாவது கூகுள் அல்லது அப்பிள் கணக்கில் நுழைந்து போனைத் தொலைந்ததாகக் குறியுங்கள். வங்கியின் எண்ணும் சிம் நிறுவனத்தின் எண்ணும் போனுக்குள் மட்டும் இருந்தால் அந்த நேரத்தில் உதவாது. ஒரு தாளில் எழுதிப் பணப்பைக்குள் வையுங்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணையும் (போனின் அடையாள எண்) அதே தாளில் எழுதுங்கள், பொலிஸ் முறைப்பாட்டுக்கு அது வேண்டும்.

போன் உங்கள் கையில் இருக்கும்போதே, காரணமில்லாமல் பல மணி நேரம் சிக்னல் இல்லாமல் போய், பக்கத்தில் உள்ளவரின் அதே நிறுவன சிம் வேலை செய்கிறது என்றால், உங்கள் பெயரில் யாரோ மாற்று சிம் எடுத்திருக்கலாம். உடனே நிறுவனத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

போனைத் திருத்தக் கொடுக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றி எடுங்கள். வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறுங்கள். சாம்சுங்கில் பராமரிப்பு முறை என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் பழுதுபார்ப்பவர் திரையையும் ஒலியையும் சோதிக்கலாம், உங்கள் படங்களையும் செய்திகளையும் பார்க்க முடியாது. விற்பதானால் கூகுள் அல்லது ஐகிளவுட் கணக்கை முதலில் நீக்கி, பிறகு முழுவதும் அழியுங்கள்.

"மாமி, இது என்ட புது நம்பர், அவசரமா ஒரு இருபதாயிரம் போடுங்கோ" என்று தெரிந்தவரின் படத்தோடு வட்ஸ்அப் வருகிறது. உண்மையா என்று எப்படி அறிவது?

அவரின் பழைய எண்ணுக்குச் சாதாரண அழைப்பு எடுங்கள். எடுக்கவில்லை என்றால் அவர் வீட்டார் இன்னொருவருக்கு எடுங்கள். அதுவரை காசு போடாதீர்கள். குரல் செய்தி வந்தாலும் அதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம், குரலை இப்போது இயந்திரத்தால் உருவாக்க முடியும். கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முடிவு செய்துகொள்வது நல்லது. காசு கேட்பவர் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்.

பழைய எண்ணிலிருந்தே செய்தி வந்தால் அந்த நண்பரின் வட்ஸ்அப் பறிபோயிருக்கலாம். பெரும்பாலும் இப்படி நடக்கிறது: "சூம் வகுப்புக்கு உங்களைச் சேர்த்திருக்கிறேன், ஆறு இலக்கம் வரும், அனுப்புங்கோ" என்று இன்னொரு நண்பரின் பெயரில் செய்தி வரும். வந்த ஆறு இலக்கம் வட்ஸ்அப்பின் பதிவு எண். கொடுத்த மறுகணம் உங்கள் கணக்கு அவர் போனில் திறக்கும்.

காப்பது எளிது. வட்ஸ்அப் அமைப்புகளில் கணக்கு, அதற்குள் இரண்டு படிச் சரிபார்ப்பு. அங்கே ஆறு இலக்கப் பின்னும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுங்கள். இணைத்த சாதனங்கள் என்ற பகுதியில் தெரியாத கணினி ஏதும் இருந்தால் வெளியேற்றுங்கள். பறிபோனால் உங்கள் எண்ணிலேயே மீண்டும் பதியுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணை இட்டதும் திருடன் வெளியேறிவிடுவான். அவன் இரண்டு படிப் பின் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காக்க வேண்டும், ஆனால் அவனும் அந்த 7 நாளும் உள்ளே இருக்க முடியாது.

நட்சத்திரக் குறியும் 21 அல்லது 67 என்ற எண்ணும் சேர்த்து ஒரு இலக்கத்தை அழுத்தச் சொல்பவரிடமும் கவனம். அது உங்கள் அழைப்புகளை அவர் போனுக்குத் திருப்பிவிடும், அழைப்பில் வரும் ஓடிபியை அவர் கேட்பார். *#21# அழுத்தினால் திருப்பிவிட்டிருக்கிறதா என்று தெரியும். ##002# எல்லாத் திருப்பல்களையும் நீக்கும்.

வங்கிச் செயலியைப் புதுப்பிக்க ஒரு கோப்பு அனுப்பினார்கள். திறக்கலாமா?

வேண்டாம். ஏபிகே என்று முடியும் கோப்பு பிளே ஸ்டோரின் சோதனையைத் தாண்டி வரும் செயலி. நிறுவியதும் அது "அணுகல்தன்மை" அனுமதி கேட்கும். கண்பார்வை குறைந்தவர்களுக்கு உதவ உருவாக்கிய அனுமதி அது. அதைப் பெற்ற செயலி திரையில் இருப்பதை வாசிக்கும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை தம்மளவில் நல்ல கருவிகள், ஆனால் வங்கி ஊழியர் யாரும் வாடிக்கையாளரின் திரையை அவற்றால் பார்க்க மாட்டார். நிறுவிவிட்டீர்கள் என்றால் உடனே விமான முறையைப் போடுங்கள், இன்னொரு போனால் வங்கிக்கு எடுங்கள். பிறகு அந்தச் செயலியை நீக்குவதோடு நில்லாமல் போனை முழுவதும் அழித்து மீளமைப்பது பாதுகாப்பு.

வெள்ளவத்தையில் அனெக்ஸ் ஒன்று, படம் அழகு, வாடகை குறைவு. பார்ப்பதற்கு முன் அட்வான்ஸ் கேட்கிறார்கள். போடலாமா?

வீட்டுக்குள் காலடி வைத்துப் பார்க்காமல் ஒரு சதமும் வேண்டாம். "வேறு இரண்டு பேர் வருகிறார்கள், 10,000 போட்டால் பிடித்து வைப்பேன், நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவி காவலாளியிடம்" என்பது வழக்கமான வசனம். படங்கள் வேறு விளம்பரத்திலிருந்து எடுத்தவை. கூகுளில் படத்தைக் கொண்டு தேடினால் பல நேரம் மூலம் அகப்படும். பார்த்த பிறகும், மின்கட்டணப் பட்டியலில் உள்ள பெயரும் காசு போடச் சொல்லும் கணக்கின் பெயரும் ஒன்றா என்று கேளுங்கள். கணக்கு எண் சரியாக இருந்தால், நீங்கள் பெறுநர் இடத்தில் எழுதிய பெயர் தவறாக இருந்தாலும் காசு போய்ச் சேரக்கூடும். ஆகவே உங்கள் செயலி பெறுநரின் பெயரைத் தானாகக் காட்டினால் அதை நின்று வாசியுங்கள்.

வெளிநாட்டு நண்பர் அனுப்பிய பரிசு கட்டுநாயக்காவில் சுங்கத்தில் நிற்கிறதாம். கட்டணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். சுங்க வரியை யாருடைய தனிப்பட்ட கணக்கிலும் போடுவதில்லை. முகம் பார்க்காத நண்பரும், காசு போடச் சொல்லும் கணக்கின் சொந்தக்காரரும் ஒரே கூட்டம். முதல் தொகையைக் கட்டினால் இரண்டாவது வரும்.

வீட்டிலிருந்தே வீடியோ லைக் செய்தால் காசு. முதல் நாள் உண்மையாகவே 900 ரூபாய் வந்தது. பிறகென்ன பயம்?

அந்த 900 தூண்டில் இரை. அடுத்த கட்டத்தில் டெலிகிராம் குழுவுக்குள் சேர்த்து, "முற்கொடுப்பனவுப் பணி" என்று 5,000 போட்டு 6,500 எடுக்க விடுவார்கள். பிறகு 40,000, பிறகு ஒரு லட்சம். திரையில் உங்கள் இலாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போகும்போது "வரி கட்ட வேண்டும்", "ஒரு பணியைப் பிழையாகச் செய்துவிட்டீர்கள்" என்று இன்னும் கேட்பார்கள். குழுவில் நன்றி சொல்லிப் படம் போடும் மற்றவர்களும் அவர்களின் ஆட்களே. போட்டதைக் காப்பாற்ற இன்னும் போட வேண்டும் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதுவரை போனது போனதுதான், மேலே போவதைத் தடுக்கலாம்.

இலாபம் ஆட்களைச் சேர்ப்பதிலிருந்து வந்தால் அது பிரமிட் திட்டம். 1988-ஆம் ஆண்டின் 30-ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தொடங்குவதையும் நடத்துவதையும் மட்டுமல்ல, பரப்புவதையும் குற்றமாக்குகிறது. சித்தப்பா பெரியம்மாவைச் சேர்த்துவிட்டவரும் அதற்குள் வருவார். வைப்பு வாங்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இலங்கை மத்திய வங்கியின் தளத்தில் இருக்கிறது. பெயர் அதில் இல்லையென்றால் காசு கொடுக்காதீர்கள்.

நண்பர் தன் கணக்குக்குப் பதிலாக என் கணக்கில் காசு வாங்கி எடுத்துத் தரச் சொல்கிறார், கொமிஷன் தருவாராம். எனக்கு என்ன நட்டம்?

உங்களுக்குச் சிறை வரக்கூடும். மோசடிக் காசு முதலில் சேரும் கணக்கு வழமையாக இப்படியான ஒருவருடையது, பல நேரம் மாணவர் அல்லது வேலை தேடும் இளைஞர். காசை இழந்தவர் முறைப்பாடு செய்ததும் பொலிஸார் முதலில் வந்து நிற்பது அந்தக் கணக்கின் சொந்தக்காரர் வீட்டில். "எனக்குத் தெரியாது" என்பதை நிரூபிக்கும் சுமை நடைமுறையில் உங்கள் தலையில் விழும். காசு சலவைத் தடுப்புச் சட்டம் 2006-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம். அட்டையையும் பின்னையும் வாடகைக்குக் கொடுப்பதும் இதே ஆபத்துத்தான்.

நம் சமூகத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு, வெளிப்படையாகப் பேச வேண்டியது. பிரான்சிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் அங்கே ஒருவரிடம் காசு கொடுக்க, இங்கே முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் கணக்கில் போடும் உண்டியல் முறை. போட்டவர் அந்தக் காசை எங்கிருந்து எடுத்தார் என்று உங்களுக்கும் தெரியாது, அனுப்பிய உறவினருக்கும் தெரியாது. அது மோசடியில் இழந்த ஒருவரின் காசாக இருந்தால், விசாரணை முடியும்வரை உங்கள் கணக்கு முடங்கலாம். பிள்ளையின் கட்டணமும் மருந்துச் செலவும் அதற்குள் நிற்கும். மாற்று வீதத்தில் கிடைக்கும் சில ரூபாய்க்காக இந்த ஆபத்தை ஏற்காதீர்கள். வங்கி வழியாகவோ அனுமதி பெற்ற பணம் அனுப்பும் சேவை வழியாகவோ வந்தால் யார் அனுப்பியது என்பதற்குத் தாள் இருக்கும்.

யாரென்று தெரியாத காசு கணக்குக்கு வந்து, "பிழையாகப் போட்டுவிட்டேன், இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கோ" என்று அழைப்பும் வந்தால், நீங்களாக அனுப்ப வேண்டாம். கிளையில் எழுத்தில் அறிவித்து, வந்த வழியாலேயே வங்கி திருப்பட்டும்.

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர் போனால் ஸ்கேன் செய்து காசு கட்டும் லங்காகியூஆர் தாளை வைத்தால் ஏமாறுவேனா?

வாடிக்கையாளர் காட்டும் திரையை நம்பிப் பொருளைக் கொடுத்தால் ஏமாறுவீர்கள். "வெற்றி" என்று பச்சையில் காட்டும் படத்தை யாரும் தயாரிக்கலாம், நேற்றைய படத்தையும் காட்டலாம். உங்கள் போனுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸையோ வணிகர் செயலியையோ பார்த்துத்தான் பொருள். வேலையாட்களிடம் கடையை விட்டுப் போகும்போது அறிவிப்பு வரும் போனும் கடையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் ஒட்டியிருக்கும் கியூஆர் தாளை விரலால் தடவிப் பாருங்கள், மேலே இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டி மாற்றிவிடுகிறார்கள். காசு பெறுவதற்காகக் கியூஆரை ஸ்கேன் செய்யச் சொன்னால் அது பொய். ஸ்கேன் செய்பவரிடமிருந்துதான் காசு போகும்.

காசு போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

வெட்கப்பட்டு வீட்டாருக்கு மறைக்க நினைக்கும் நேரம்தான் திருடனுக்குக் கிடைக்கும் நேரம். உடனே வங்கியின் 24 மணிநேர எண்ணுக்கு எடுங்கள். மூன்று விஷயத்தைத் தனித்தனியாகச் சொல்லிக் கேட்க வேண்டும்: அட்டையை நிறுத்துங்கள், இணையச் சேவையை நிறுத்துங்கள், காசு போன வங்கிக்கு அறிவித்து அந்தக் கணக்கில் மிச்சமிருப்பதைப் பிடித்து வைக்கக் கேளுங்கள். மூன்றாவதைக் கேட்காவிட்டால் பலமுறை முதலாவது மட்டுமே நடக்கிறது. முறைப்பாட்டு எண், பேசியவரின் பெயர், நேரம் எழுதிக்கொள்ளுங்கள். பெறுநரின் வங்கி தெரிந்தால் அவர்களின் ஹொட்லைனுக்கும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

வட்ஸ்அப் உரையாடல், எஸ்எம்எஸ், அழைப்பு வரலாறு, கொடுப்பனவுச் சீட்டு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். கோபத்தில் அந்த எண்ணைத் தடுத்து உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். மறுநாள் காலை கிளைக்குக் கடிதம் ஒன்று கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியுங்கள். பெரிய தொகை அல்லது பலர் பாதிக்கப்பட்டது என்றால் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவுக்கும் போகலாம். பறிபோன பேஸ்புக், வட்ஸ்அப், மின்னஞ்சல் கணக்குகளுக்கு இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் அமைப்பின் 101 என்ற தொலைபேசி எண் உதவும். வங்கி உரிய பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி எண் 1935. அங்கே முதலில் கேட்பது வங்கிக்கு எழுதியதும் வங்கி தந்த பதிலும், ஆகவே முத்திரையிட்ட அந்தப் பிரதி பத்திரம்.

வங்கி காசைத் திருப்பித் தருமா?

அட்டை விவரம் களவுபோய், ஓடிபி இல்லாமல் நடந்த கொள்வனவு என்றால் வாய்ப்பு நன்றாகவே உண்டு. மறுப்புப் படிவத்தை அன்றே நிரப்புங்கள், ஒவ்வொரு வங்கியும் அதற்குக் காலக்கெடு வைத்திருக்கிறது. ஓடிபி கொடுத்து நடந்தது என்றால் அட்டை வலையமைப்பின் விதிகள் பொதுவாக உங்களுக்குச் சாதகமாக இல்லை. நீங்களே அனுப்பிய பணமாற்றம் என்றால் பெறுநர் கணக்கில் மிச்சமிருந்தால்தான் வழி. வங்கியின் பக்கம் தவறு இருந்தால், உதாரணமாக நீங்கள் 9.10க்கு நிறுத்தச் சொன்ன பிறகு 9.40க்குக் காசு போயிருந்தால், அதைக் கடிதத்தில் நேரத்தோடு எழுதுங்கள். எழுதி வைத்த நேரம் அங்கேதான் உதவும்.

இழந்த காசை மீட்டுத் தருவதாக, "முன்கட்டணம்" கேட்டு வருபவர்களும் உண்டு. இழந்தவர்களின் பட்டியல் மோசடிக்காரர்களிடம் இருப்பதால் பல சமயம் அதே ஆட்களே திரும்பி வருகிறார்கள். பொலிஸும் மத்திய வங்கியும் காசை மீட்கக் கட்டணம் கேட்பதில்லை.

எனக்குச் சிங்களம் சரளமாக வராது. முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. வீட்டிலேயே ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: திகதி, நேரம், அழைத்த எண், உங்கள் கணக்கு எண், காசு போன வங்கியும் கணக்கு எண்ணும், தொகை, கொடுப்பனவு இலக்கம். எழுதிக்கொண்டு போனால் பதட்டத்தில் எதுவும் விடுபடாது. வாக்குமூலத்தை அதிகாரி சிங்களத்தில் எழுதினால், கையொப்பமிடுமுன் அதை வாசித்து விளங்கப்படுத்தக் கேளுங்கள். கணக்கு எண்ணின் இலக்கங்களை உங்கள் தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள், ஒரு இலக்கம் மாறினாலும் விசாரணை வேறொருவரின் கணக்கில் போய் நிற்கும். முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், வங்கி அதைக் கேட்கும்.